சுவரோரம் கூடும் மீன்கள்: பவளச் சுவர் ஸ்கூபா பற்றி ஊரில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் நாகர்கோவில்காரன். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் மாலத்தீவுக்கோ அந்தமானுக்கோ போய் ஸ்கூபா டைவ், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவது, அடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கேள்விகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் தொண்டையாவது மிச்சமாகும் என்று உட்கார்ந்தேன்.

கடலுக்குள் சுவரா? யார் கட்டியது?

பவளம் கட்டியது. பவளத்திட்டின் விளிம்பு சரிவாகப் போகாமல் செங்குத்தாக இறங்கினால் அதை டைவர்கள் சுவர் என்பார்கள். மேல் விளிம்பு ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் இருக்கும். அடி முப்பது மீட்டரிலும் இருக்கலாம், கண்ணுக்கே எட்டாத ஆழத்திலும் இருக்கலாம்.

ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வது வழக்கம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஏறி நடுவில் நின்று பறளியாற்றை எட்டிப் பாருங்கள். 115 அடி உயரம், ஏறத்தாழ 35 மீட்டர். இனி கைப்பிடிச் சுவருக்கு வெளியே, ஒன்றையும் பிடிக்காமல், அந்தரத்தில் மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கல், மூன்று பக்கம் வெட்டவெளி. அந்த வெட்டவெளி முழுக்க நீலம். முதல் தடவை வயிற்றில் ஒரு கூச்சம் வரும். எனக்கு இன்றும் வருகிறது.

கடல் நம் வாசலில் கிடக்கிறதே, கன்னியாகுமரியிலேயே அடிக்க முடியாதா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பவளச் சுவர் இங்கே இல்லை.

நம் கடலடியில் பாறை நிறைய உண்டு. கடற்கரையில் அதைப் 'பார்' என்பார்கள். முட்டம், கடியப்பட்டணம், இனயம் பக்கமெல்லாம் பாரை நம்பித் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாருக்கு மேல் வலை போட்டால் கிழியும், அதனால் தூண்டில். சிங்கி இறாலும் களவாவும் பாரின் பொந்துகளில் இருக்கும். ஆனால் அது கருங்கல் பாறை, பவளம் கட்டிய சுவர் அல்ல. கரையில் அலை ஓயாது, மணல் எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அடிநீர் மேலே வரும். அந்தக் குளிர்ந்த நீர் சத்து மிகுந்தது, மீனுக்கு விருந்து. டைவருக்கோ கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல்.

தெற்கே கடலுக்குள் கிடக்கும் வாட்ஜ் பாங்கும் சுவர் அல்ல, அது விரிந்த மேடு. அங்கே மீன் அவ்வளவு உண்டு. 1976-ல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை பேசியபோது அந்த மேட்டுக்காகத் தனியாகவே எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது.

விவேகானந்தர் பாறையைச் சுற்றி டைவ் அடிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். படகுகள் போகிற வழி, பாறையில் மோதித் திரும்பும் அலை, இழுக்கிற நீரோட்டம். வேண்டாம் தம்பி. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அருமையான பவளம் இருக்கிறது. ஆனால் அது ஆழம் குறைந்த இடம், தேசியப் பூங்காவும்கூட. நினைத்தபடி இறங்க முடியாது.

சரி, அப்புறம் எங்கேதான் போவது?

நம் மாவட்டத்துக்குக் கிட்டத்தில் இருப்பது மாலத்தீவு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து மாலே ஒன்றேகால் மணி நேரம் போல. இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். பணத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனித் தீவு ரிசார்ட்டுகளை மறந்துவிட்டு, மக்கள் வசிக்கும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்களைத் தேடினால் நம் கைக்கு எட்டும்.

லட்சத்தீவு நம் நாடுதான், ஆனால் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொச்சியிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ போக வேண்டும். வரைபடத்தில் பாருங்கள், கன்னியாகுமரியும் மினிக்காயும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், எட்டு டிகிரியை ஒட்டிக் கிடக்கின்றன. முனையைத் தாண்டி ஏறத்தாழ நேர் மேற்கே ஓட்டினால் மினிக்காய்! தூத்தூர் பக்கத்து ஆழ்கடல்காரர்களுக்கு இது பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் அந்தத் தண்ணீரில் வாரக்கணக்கில் கிடந்துவிட்டு வருகிறவர்கள்.

அந்தமானில் ஹேவ்லாக், இப்போது ஸ்வராஜ் தீவு, படகுத்துறைக்குப் பக்கத்திலேயே சுவர் என்று பெயர் வைத்த ஓர் இடம் உண்டு. சென்னையிலிருந்து விமானம். தமிழ் பேசினாலே சமாளித்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

மீன்கள் ஏன் சுவரை ஒட்டிக் கூடுகின்றன?

சாப்பாடு அங்கே வந்து இறங்குகிறது, அதனால்.

திறந்த கடலிலிருந்து வரும் நீரோட்டம் சுவரில் மோதுகிறது. போக இடமில்லாமல் பக்கவாட்டில் வளையும், மேலே ஏறும். அதோடு கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளும் விளிம்புக்கு வந்து சேரும். அவற்றைக் கொத்தத் தலை நிமிர்த்தி நிற்கும் சிறு மீன்கள் ஆயிரம். அவற்றைக் குறிவைத்துக் கொஞ்சம் தள்ளி, நீலத்தில், பாரை மீனும் சூரை மீனும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியிருக்குமே, அதே கதை. இறங்கியதும் மீன்களின் மூக்கைப் பாருங்கள். கூட்டம் முழுக்க ஒரே திசையைப் பார்த்து நின்றால் நீரோட்டம் அந்தத் திசையிலிருந்து வருகிறது. எந்தக் கருவியும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். சுவர் முழுக்க ஒரே மாதிரி மீன் இருக்காது. நீரோட்டம் நேராக அறையும் மூக்கில், சுவர் திரும்பும் மூலையில்தான் கூட்டம். மறுபக்கம் போனால் காலித் தெருவாகக் கிடக்கும். மாலத்தீவில் கடலுக்குள் தனியாக எழும்பி, தலை வெளியே தெரியாமல் நிற்கும் திட்டுக்குத் 'திலா' என்று பெயர். அதைக் கேட்டதும் எனக்கு நம் 'பார்' ஞாபகம் வந்தது. கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் மலை முகட்டையும் நேர்கோட்டில் வைத்துக் கணியம் பார்த்துப் பாரின் எந்த மூலையில் தூண்டில் இறக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் குறித்து வைத்திருந்ததும், திலாவின் எந்த மூலையில் குதிக்க வேண்டும் என்று நம்மைக் கூட்டிப்போகும் டைவ் மாஸ்டர் நீரோட்டம் பார்ப்பதும் ஒரே கணக்குதான்.

என்னென்ன மீன் பார்க்கலாம்? நம்ம ஊர் மீன் ஏதாவது உண்டா?

பாதி நம்ம ஊர் மீன்தான்!

கிளாத்தியிலிருந்து தொடங்குகிறேன். ஏலக்கூடத்தில் கறுத்துப் போய், தோல் காய்ந்த செருப்பு மாதிரி, பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிடக்குமே, அதே மீன். சுவரில் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். உடம்பு ஊதா கலந்த நீலம், வால் பிறை மாதிரி இரண்டு நீண்ட முனை. நூற்றுக்கணக்கில் சுவருக்கு வெளியே சிறகடிப்பது போல மிதந்துகொண்டிருக்கும். கிட்டப் போனால் ஒரே நொடியில் கூட்டம் காணாமல் போகும். எங்கே என்று சுவரைப் பார்த்தால், ஒவ்வொரு பொந்திலிருந்தும் இரண்டு வால் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு என்று நினைக்கிற பூனை ஜாதி. பல் சிவப்பாக இருக்கும், பொறுமையாகக் காத்திருந்தால் அதையும் பார்க்கலாம்.

அடுத்து பாரை. பெரிய கண்ணுள்ள ஒரு வகைப் பாரை பகலில் வேட்டைக்குப் போகாமல் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சுற்றி வரும், வெள்ளித் தூண் நின்று சுழல்வது போல. உற்றுப் பார்த்தால் அதிலிருந்து இரண்டு இரண்டாகச் சில பிரிந்து போகும். ஜோடியில் ஒன்று கறுத்திருக்கும். அது ஆண், இணை தேடும்போது நிறம் மாறுகிறது. முதலில் நான் அதை வேறு மீன் என்றே நினைத்தேன்.

ஊளியும் (ஆங்கிலத்தில் பாரகுடா) கூட்டமாக வரும். இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று. எங்கள் பக்கம் பலர் அதைச் சீலாவு என்பார்கள். தூத்துக்குடிக்காரரிடம் சீலா என்றால் அவர் நெய்மீனை நினைத்துக்கொண்டு விலை கேட்பார். சென்னைக்காரருக்கு அதே நெய்மீன் வஞ்சிரம். படகில் மூன்று ஊர்த் தமிழர்கள் இருந்தால் டைவ் முடிந்து மேலே வந்ததும் முதல் சண்டை இதுதான்.

பொந்துக்குள் அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடும். பயமுறுத்தவில்லை, மூச்சு விடுகிறது. குகை மாதிரிக் குடைந்த இடங்களில் சிவப்பு மீன்கள் பெரிய கண்ணோடு பகலெல்லாம் தூங்கி வழியும். கடல் விசிறிகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே வலை விரித்தது போல நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கொம்புத் திருக்கை.

நீச்சல் தெரிய வேண்டுமா?

வேண்டும். குளத்தில் கற்ற நீச்சல் போதும். ஸ்டைல் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் குளத்தில் கற்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. கையால் துழாவுவது. ஸ்கூபாவில் கைக்கு வேலையே இல்லை. கட்டிக்கொள்ளுங்கள். கையை ஆட்டினால் காற்றுதான் வீணாகும், பக்கத்தில் இருக்கிறவருடைய மாஸ்க்கும் கழன்று போகும்.

காது வலிக்காதா?

சரியாகச் செய்தால் வலிக்காது. பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. முதல் சில மீட்டரில்தான் காதுக்குக் கஷ்டம். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும், வலி வரும் முன்பே.

இதை எனக்குச் சொல்லித் தந்தது பயிற்சி மையம் அல்ல. கடியப்பட்டணத்தில் பாறையில் சிப்பி பெயர்க்க மூச்சைப் பிடித்து முங்குகிற ஓர் அண்ணன். "காது அடைச்சா கீழ போகாத மக்கா. ஒரு முழம் மேல வா. பொறவு எறங்கு" என்றார். பின்னாளில் பயிற்சியில் தடிமனான புத்தகம் கொடுத்தார்கள். அதில் இருந்ததும் இதுதான். சளி பிடித்திருந்தால் இறங்கவே இறங்காதீர்கள், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி.

சுவரில் டைவ் அடிப்பதில் உண்மையான ஆபத்து எது?

சுறா என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை, ஆழம்.

சாதாரண இடத்தில் தவறினால் மணலில் போய் உட்காருவீர்கள். சுவரில் உட்கார மணல் இல்லை. என் மூன்றாவது சுவர் டைவில் நடந்ததைச் சொல்கிறேன். 14 மீட்டரில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். கீழே பாரைக் கூட்டம் சுழன்றுகொண்டிருந்தது. கேமராவை நீட்டினேன். படம் நன்றாக வரவில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று தோன்றியது. இரண்டு நிமிஷம் இருக்கும். யாரோ என் காலில் மாட்டியிருந்த ஃபின்னை, அதாவது துடுப்பை, பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் டைவ் மாஸ்டர், தன் மணிக்கட்டில் இருந்த, ஆழம் காட்டும் கம்ப்யூட்டரை என் மூஞ்சிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறார். 27 மீட்டர். என் கம்ப்யூட்டரும் அதைத்தான் காட்டியது, நான்தான் பார்க்கவில்லை. அப்போது எனக்கு 18 மீட்டர் வரைதான் தகுதி. தப்பு முழுக்க என்னுடையது.

நான் நீந்தி இறங்கவில்லை. தானாக இறங்கியிருக்கிறேன். ஆழம் கூடக் கூட உடையிலும் மிதப்பு ஜாக்கெட்டிலும் உள்ள காற்று சுருங்கும், மிதப்பு குறையும், மிதப்பு குறைந்தால் இன்னும் இறங்குவோம், இறங்கினால் இன்னும் சுருங்கும். தண்ணீரும் தெளிவு. தெளிந்த நீரில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. முப்பது மீட்டரை நெருங்கினால் நைட்ரஜன் வேறு லேசாகத் தலைக்கு ஏறும், கள் குடித்தவன் மாதிரி எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

அதனால் நான் வைத்திருக்கும் பழக்கம் இது. ஒரு கண் சுவரில், ஒரு கண் நீலத்தில், நான்கு மூச்சுக்கு ஒருமுறை கம்ப்யூட்டரில். மீன் கீழே போனால் போகட்டும். பத்து முதல் பதினெட்டு மீட்டருக்குள் அசையாமல் நின்றால் அதே கூட்டம் சுற்றி உங்களிடமே வரும். துரத்தினால் வராது. ஆழம் போனால்தான் அதிக மீன் என்று நினைப்பது தப்பு. வெளிச்சமும் பவளமும் சாப்பாடும் மேல் பாதியில்தான்.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

முதலில் ஒரு திருத்தம். அது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல, நாம் சுவாசிக்கும் அதே காற்றை அழுத்தி அடைத்தது.

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (இங்கே பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும், ஆகக் கையில் 1,800. நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் பத்து மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார், இருபது மீட்டரில் 60. அதாவது பத்து மீட்டரில் 45 நிமிஷம், இருபது மீட்டரில் 30 நிமிஷம். பதற்றப்பட்டால் இதில் பாதி. என் முதல் டைவ் 22 நிமிஷத்தில் முடிந்தது. அதை இன்றும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடாதா?

போகும், போகட்டும். அதற்காகத்தான் போகிறோம். சுவர் டைவில் எதிர்த்து நீந்துவதில்லை. நீவாடு, அதாவது நீரோட்டம், போகிற பக்கம் மிதந்து போவோம், படகு மேலே நம் குமிழிகளைத் தொடர்ந்து வரும். மேலே வரும் முன் எஸ்.எம்.பி. என்கிற நீளமான ஆரஞ்சு மிதவையை ஊதி அனுப்ப வேண்டும். அது இல்லாமல் இறங்காதீர்கள்.

ஒன்றே ஒன்றுக்குப் பயப்பட வேண்டும், கீழ் நோக்கி இழுக்கும் ஓட்டம். உங்கள் குமிழி மேலே போகாமல் கீழே போகிறது என்றால் அதுதான். சுவரை விட்டு வெளியே நீலத்தை நோக்கிச் சாய்வாக நீந்தினால் பெரும்பாலும் பிடி விட்டுவிடும். எனக்கு ஒருமுறைகூட நேர்ந்ததில்லை. ஆனால் டைவுக்கு முன் பேசிவைக்கிறோம்.

சுறா கடிக்காதா?

பொதுவாகக் கடிக்காது. நாம் குமிழி விட்டுச் சத்தம் போடுகிற பெரிய பிராணி, அதற்கு நம்மில் ஆர்வம் இல்லை. மாலத்தீவு 2010-ல் சுறாப் பிடிப்பதையே தடை செய்துவிட்டது, அதனால் அங்கே பார்க்கக் கிடைக்கிறது. தூத்தூரில் இதைச் சொன்னபோது ஒரு மாமா வெகுநேரம் என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கச் சுறாவுக்குத் தூண்டில் போட்டவர். "காசு கொடுத்துப் பாக்கப் போறியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

எந்தப் பயிற்சி வேண்டும்? ஒருநாள் டைவ் போதாதா?

ஒருநாள் டைவில் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு அதிகபட்சம் 12 மீட்டர். பழகிப் பார்க்கச் சரி, சுவருக்குப் போதாது. ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலைப் பயிற்சி மூன்று நான்கு நாள், 18 மீட்டர் வரை. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவ் யாருக்குமே 30 மீட்டர்தான் எல்லை. பயிற்சியைக் கேரளக் கோவளத்திலோ புதுச்சேரியிலோ முடித்துவிட்டு, வெளிநாட்டு நேரத்தைச் சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பத்து வயது நிறைந்த பிள்ளைகள் கற்கலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதில் அறுவை சிகிச்சை என்றால் டாக்டரின் எழுத்து இல்லாமல் கூடாது. கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது.

எந்த மாதம்?

அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் நவம்பர் முதல் ஏப்ரல். மாலத்தீவில் ஆண்டு முழுக்கவும் உண்டு, தண்ணீர் தெளிவு ஜனவரி முதல் ஏப்ரல் வரை. நம் கடல் கொந்தளிக்கும் ஆனி, ஆடி நாட்களில் லட்சத்தீவை மறந்துவிடுங்கள்.

பவளம் வெளுத்துவிட்டது என்கிறார்களே?

உண்மைதான். கடல் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 எனத் திரும்பத் திரும்ப அடி விழுந்தது, 2024-லும். மேல்தளத்தில் எலும்புக்கூடு மாதிரி நிற்கிற இடங்களை நானே பார்த்திருக்கிறேன். செங்குத்துச் சுவரில் நிழலும் ஓட்டமும் இருப்பதால் சில இடங்களில் கொஞ்சம் தேவலை. ஞாபகார்த்தமாக ஒரு துண்டு எடுத்துவரச் சொல்கிறவர்களுக்கு: செத்த துண்டும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் பொருந்தும்.

டைவ் முடித்து அன்றே விமானம் ஏறலாமா?

கூடாது. திருவனந்தபுரம் கொஞ்ச நேரம்தானே என்று நினைக்க வேண்டாம், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் மாட்டும். பல டைவ் அடித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பார்கள். நான் ஒருநாள் முழுக்க விடுகிறேன். அதே காரணத்துக்காகத்தான் மேலே வரும்போது நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்பதும். சுவரில் அந்த மூன்று நிமிஷம் வீணில்லை. மேல் விளிம்புப் பவளத்துக்கு எதிரே நிற்பீர்கள், வெயில் இறங்கும், சின்ன மீன்கள் அங்கேதான் அதிகம்.

இவ்வளவு மீனைப் பார்த்துவிட்டு வந்து மீன் சாப்பிட மனசு வருமா?

வருகிறது. மரச்சீனியும் மீன்குழம்பும் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் மாறவில்லை. பாரைக் கூட்டத்தின் வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்துவிட்டு, இது தேங்காய் அரைத்த குழம்புக்கா, புளிமுளத்துக்கா நல்லாயிருக்கும் என்று அக்காவோடு பேசத் தொடங்கிவிட்டார். கிளாத்தி மட்டும் இப்போது வீட்டுக்கு வாங்குவதில்லை. அதற்குக் காரணம் பாசம் என்று சொல்லிக்கொள்கிறேன். தோலை உரிக்கப் படும் பாடுதான் என்கிறார் அம்மா.